கோயிலும் சாமி கும்பிடுவதும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் குடியிருப்பவர்களிடம் வெளியூர் நண்பர்களும், புதிதாகக் குடிவந்தவர்களும், வேறு மதத்துத் தோழர்களும், வீட்டுப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் முடிந்தவரை வடசென்னைக் கோயில்களையே எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம் அல்லவா?

இந்து மதத்தை நிறுவியவர் யார்? இதுதான் வேதநூல் என்று ஒன்று உண்டா?

நிறுவியவர் என்று ஒருவர் இல்லை. நூலும் ஒன்றல்ல. வேதங்கள் நான்கு, உபநிடதங்கள், இதிகாசங்கள், புராணங்கள், ஆகமங்கள் என்று அடுக்கடுக்காக இருக்கின்றன. தமிழ்நாட்டில் இவற்றோடு தேவாரமும் திருவாசகமும் நாலாயிரத் திவ்யப் பிரபந்தமும் சேர்ந்துகொள்கின்றன. ஆனால் கோயிலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இவற்றில் எதையும் முழுதாகப் படித்தவர்கள் இல்லை. அது ஒரு குறையாகவும் யாருக்கும் படுவதில்லை. "நீங்கள் என்ன நம்புகிறீர்கள்?" என்று தண்டையார்பேட்டைப் பாட்டி ஒருவரிடம் கேட்டால் திகைத்துப் போவார். "வெள்ளிக்கிழமை என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார். இந்த மதத்துக்குள் வர அந்த இரண்டாவது கேள்விதான் சரியான வாசல் என்பது என் கருத்து. இந்தப் பக்கத்தையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

சரி, ஆனால் பொதுவான நம்பிக்கைகள் என்று சில இருக்குமே?

இருக்கின்றன. செய்த வினைக்குப் பலன் உண்டு, உயிர் மறுபடி மறுபடி பிறக்கிறது, அந்தச் சுழலிலிருந்து ஒருநாள் விடுதலை கிடைக்கும் என்ற மூன்றும் ஏறக்குறைய எல்லாப் பிரிவுகளுக்கும் பொது. விடுதலை எப்படிக் கிடைக்கும் என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

நம் பக்கத்துச் சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று மூன்றைச் சொல்லும். பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டியிருக்கும் கட்டு. ஆணவம், கன்மம், மாயை என்று கட்டிலும் மூன்று வகை. இறைவனின் அருளால் அந்தக் கட்டு அவிழும். மெய்கண்டாரின் சிவஞானபோதம் இதைப் பன்னிரண்டே சூத்திரங்களில் சொல்லிவிடுகிறது. இராமானுசர் வழி வைணவர்களுக்குத் திருமாலிடம் முழுதாகச் சரணடைவதே வழி. அத்வைதம் சொல்கிறவர்களோ உயிரும் பரம்பொருளும் வேறில்லை, வேறு என்று நினைப்பதுதான் அறியாமை என்பார்கள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துவராதவை. இருந்தும் மூன்று தரப்பினரும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள், ஒரே பூக்காரம்மாவிடம் பூ வாங்குகிறார்கள்.

இத்தனை சாமி எதற்கு? கடவுள் ஒன்றா, பலவா?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே பொருள் பல வடிவில் இருக்கிறது என்பவர்களே அதிகம். தன் குலதெய்வம்தான் முதல், மற்றதெல்லாம் அப்புறம் என்பவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் பிள்ளையாரை முதலில் கும்பிட வேண்டும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாட்டை நான் பார்த்ததில்லை.

கோயிலுக்குள் நுழைந்ததும் எதை எதைப் பார்க்க வேண்டும்?

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலையே எடுத்துக்கொள்வோம். ஊரில் பலருக்கு அது வடிவுடையம்மன் கோயில். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் முப்பத்திரண்டில் ஒன்று.

வாசலில் ராஜகோபுரம். அதைத் தாண்டியதும் பலிபீடமும் கொடிமரமும். நம் அகந்தையை வைத்துவிட்டுப் போகும் இடம் பலிபீடம் என்பார்கள். கீழே விழுந்து கும்பிடுவதானால் கொடிமரத்தடியில்தான் விழ வேண்டும். உள்ளே சன்னதிக்குச் சன்னதி விழுவது முறையில்லை. அடுத்து நந்தி. நந்திக்கும் சிவனுக்கும் நடுவில் குறுக்கே போகாதீர்கள் என்று யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார்.

பிறகு மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்று இடம் சுருங்கிக்கொண்டே போகும், வெளிச்சமும் குறையும். வெயிலில் கண் கூசி வந்தவருக்கு உள்ளே ஒற்றை விளக்கின் சுடர் மட்டும் தெரியும். கட்டினவர்கள் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. கருவறைக்குச் சன்னல் கிடையாது.

வலம் வரும்போது கருவறையின் வெளிச்சுவரைக் கவனியுங்கள். தெற்கில் தட்சிணாமூர்த்தி, மேற்கில் லிங்கோத்பவர் அல்லது திருமால், வடக்கில் பிரம்மாவும் துர்க்கையும் இருப்பது சிவன் கோயில்களின் பொதுவான அமைப்பு. வடக்குப் பக்கம் அபிஷேக நீர் வெளியேறும் கோமுகி. அதன் அருகே சண்டிகேசுவரர். பலர் அவர் முன்னால் பலமாகக் கைதட்டுவார்கள், சிலர் துணியிலிருந்து நூலைப் பிய்த்துப் போடவும் செய்வார்கள். அவர் தியானத்தில் இருப்பவர். கோயில் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று காட்ட உள்ளங்கைகளை மெல்லத் துடைத்துக் காட்டினால் போதும்.

திருவொற்றியூரில் கூடுதலாக இரண்டைத் தேடிப் பாருங்கள். இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் இருபத்தேழு லிங்கங்கள் திருச்சுற்றில் இருக்கின்றன. தன் நட்சத்திர லிங்கத்தைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகள் ஓடுவார்கள். வடக்குப் பக்கம் வட்டப்பாறை அம்மன். கம்பர் இங்கே இராமாயணம் எழுதியபோது இந்த அம்மன் தீப்பந்தம் பிடித்து வெளிச்சம் காட்டினாள் என்பது தலத்துக் கதை.

கோபுரத்துக்கும் விமானத்துக்கும் என்ன வேறுபாடு?

வாசல் மேல் இருப்பது கோபுரம். கருவறை மேல் இருப்பது விமானம். பத்திரிகைகளே இதை மாற்றி எழுதுகின்றன.

சோழர் காலத்தில் விமானம்தான் ஓங்கி நின்றது. தஞ்சைப் பெரிய கோயிலின் 216 அடி விமானத்துக்கு முன்னால் அதன் வாசல் கோபுரங்கள் சிறியவை. பிற்காலச் சோழர், விஜயநகர, நாயக்கர் காலங்களில் அது தலைகீழானது. விமானம் சிறுத்தது, வாசல் கோபுரங்கள் வளர்ந்தன. திருவண்ணாமலையின் 217 அடிக் கிழக்குக் கோபுரம் அப்படி வந்ததுதான். கோபுரத்தின் அடித்தளம் கருங்கல்லாகவும் மேல்நிலைகள் செங்கல்லும் சுதையுமாகவும் இருக்கும். மேலேயும் கல்லாகவே கட்டினால் அவ்வளவு பாரத்தைக் கீழே தாங்குவது கஷ்டம்.

விமானத்துக்கு ஆறு உறுப்புகள். கீழிருந்து மேலாக அதிட்டானம், சுவர், பிரஸ்தரம், கழுத்து, சிகரம், ஸ்தூபி. சிற்ப நூல்கள் இதை மனித உடலின் பாதம் முதல் தலை வரையான உறுப்புகளாகவே சொல்கின்றன.

திருவொற்றியூர் விமானம் பின்பக்கம் வளைந்து இருக்கிறதே, ஏன்?

நல்ல கண் உங்களுக்கு. அதன் பெயர் தூங்கானை மாடம். வடமொழியில் கஜபிருஷ்டம். படுத்திருக்கும் யானையைப் பின்னாலிருந்து பார்த்தது போன்ற வடிவம். முன்பக்கம் நேராக இருக்கும், பின்பக்கம் அரைவட்டமாக வளையும். தொண்டை மண்டலத்தில் இது நிறைய உண்டு. பாடி திருவலிதாயத்திலும் இதைப் பார்க்கலாம்.

திருவொற்றியூர் விமானம் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எழுப்பப்பட்டது. சதுரானன பண்டிதர் என்ற மடத்துத் தலைவர் சொல்ல, இரவி என்ற வீரசோழத் தச்சன் கட்டினான் என்று கல்வெட்டு சொல்கிறது. கட்டச் சொன்ன அரசர்களின் பெயர் எல்லா ஊரிலும் கிடைக்கும். உளி பிடித்தவன் பெயர் கிடைப்பது அபூர்வம். அந்த வகையில் திருவொற்றியூர்க்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். இதே கோயிலில் பாணினியின் இலக்கணத்தைக் கற்பிக்கவென்றே ஒரு மண்டபம் இருந்ததும் கல்வெட்டுகளில் பதிவாகியிருக்கிறது. கோயில் என்பது பூசை நடக்கும் இடம் மட்டுமாக என்றைக்கும் இருந்ததில்லை.

மூலவரைக் கவசம் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். எப்போது பார்க்க முடியும்?

இங்கே மூலவரான ஆதிபுரீசுவரர் புற்று வடிவானவர், தானாகத் தோன்றியவர். அதனால் ஆண்டு முழுக்கக் கவசத்தோடுதான் தரிசனம். கார்த்திகை மாதப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். அந்த மூன்று நாளும் வரிசை கோயிலுக்கு வெளியே போய்விடும். வயதானவர்களை அழைத்து வருவதானால் நடை திறக்கும் நேரத்துக்கே வந்துவிடுங்கள். தேரடியிலேயே மெட்ரோ நிலையம் வந்துவிட்டதால் முன்போல எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

மூலவர், உற்சவர் என்று இரண்டு எதற்கு?

மூலவர் இடம் பெயரமாட்டார். திருவிழாவில் தெருவுக்கு வருபவர் உற்சவர், பெரும்பாலும் ஐம்பொன் அல்லது செம்புத் திருமேனி. கோயிலுக்கு வர முடியாதவர்களைத் தேடிச் சாமியே வருவதுதான் உலா. திருவொற்றியூரில் அப்படி வருபவர்களில் முக்கியமானவர் தியாகராஜர். சிவன், உமை, நடுவில் குழந்தை முருகன் என்ற சோமாஸ்கந்த வடிவம்.

பூசையில் திரை போடுகிறார்கள், மணி அடிக்கிறார்கள். உள்ளே என்னதான் நடக்கிறது?

அரசரை எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, உண்ணவைத்து, இரவில் படுக்கவைப்பது போன்ற உபசாரம். பெரிய கோயில்களில் காலை உஷத்காலம் தொடங்கி இரவு அர்த்தஜாமம் வரை ஆறு காலம். ஒவ்வொன்றிலும் அடிப்படை வரிசை ஒன்றுதான். முதலில் அபிஷேகம். நல்லெண்ணெய், பால், தயிர், பஞ்சாமிர்தம், இளநீர், சந்தனம் என்று போகும். பிறகு அலங்காரம், அப்போதுதான் திரை. அடுத்து நைவேத்தியம். கடைசியில் திரை விலகித் தீபாராதனை. அந்தக் கற்பூரம் நம் பக்கம் வரும்போது இரண்டு கையாலும் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொள்கிறோம்.

சிவன் கோயிலில் விபூதி, அம்மன் சன்னதியில் குங்குமம். பெருமாள் கோயிலில் தீர்த்தம், துளசி, தலையில் சடாரி. பூசை செய்பவரும் மாறுவார். சிவன் கோயிலில் குருக்கள், பெருமாள் கோயிலில் பட்டர், தெரு அம்மன் கோயிலில் பூசாரி. பெருமாள் கோயிலுக்குப் போய்க் குருக்களே என்று கூப்பிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள், ஆனால் சிரிப்பார்கள்.

எந்தக் கோயிலில் எப்படி என்பதை ஆகமங்கள் முடிவுசெய்கின்றன. சைவ ஆகமங்கள் இருபத்தெட்டு. காமிகம், காரணம் இரண்டும் தமிழ்நாட்டில் அதிகம் புழங்குபவை. பெருமாள் கோயில்களில் வைகானசம், பாஞ்சராத்திரம் என்று இரண்டு வழிகள்.

அர்ச்சனைக்குக் கோத்திரம் கேட்கிறார்கள். எங்களுக்குத் தெரியாதே?

பெயரும் நட்சத்திரமும் போதும். நட்சத்திரமும் தெரியாதா? "சாமி பேருக்கே பண்ணுங்க" என்று சொல்லிவிடுங்கள், ஒரு குறையும் இல்லை. தமிழில் வேண்டும் என்றால் அதையும் கேட்கலாம். அன்னைத் தமிழில் அர்ச்சனை என்ற திட்டத்தை அறநிலையத்துறை 2021-ல் தொடங்கியது. சீட்டு வாங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

மகிழ மரத்தடியில் ஒரு விழா நடக்கிறதே, அது என்ன?

எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சுந்தரருக்குத் திருவாரூரில் ஏற்கெனவே பரவையார் என்ற மனைவி உண்டு. திருவொற்றியூர் வந்தவர் இங்கே பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைப் பார்த்தார், மனம் போய்விட்டது. சிவனிடமே தூது போகச் சொன்னார். சிவனும் போனார். "உன்னைப் பிரியமாட்டேன் என்று சன்னதியில் சத்தியம் செய்து கொடுத்தால் சம்மதம்" என்று ஏற்பாடானது. அங்கேதான் சுந்தரர் ஒரு தந்திரம் செய்தார். "நான் சத்தியம் செய்யும்போது நீர் கருவறையில் இருக்கவேண்டாம், மகிழ மரத்தடிக்குப் போய்விடும்" என்று சிவனிடம் கேட்டுக்கொண்டார். சிவன் சரியென்றார். சரியென்றவர், சங்கிலியார் கனவில் போய், "சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள்" என்றும் சொல்லிவிட்டார்! மறுநாள் சங்கிலியாரின் தோழிகள், "கோயிலுக்குள் வேண்டாம், மரத்தடியிலேயே செய்யுங்கள்" என்றதும் சுந்தரருக்கு வேறு வழியில்லை.

வசந்த காலம் வந்ததும் திருவாரூர் விழா நினைவுக்கு வந்தது. சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. வழியில் திருவெண்பாக்கத்தில் இறைவன் ஒரு ஊன்றுகோல் கொடுத்தார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் இன்னொரு கண்ணும் திரும்பக் கிடைத்தன. அந்தத் திருவெண்பாக்கம் 1940களில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது நீருக்குள் போனது. கோயிலைக் கரைக்கு மாற்றிக் கட்டினார்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் அதுவும் ஒன்று.

மாசி மாதப் பெருவிழாவில் இந்த மகிழடிச் சேவை நடக்கும். கடவுள் பக்தனுக்குத் தோழனாகவும் இருப்பார், அவன் பொண்டாட்டியை ஏமாற்றப் பார்த்தால் அவள் பக்கமும் நிற்பார் என்பதை எந்தத் தத்துவ நூலையும்விட இந்தக் கதை நன்றாகச் சொல்கிறது. அறுபத்துமூவரில் இன்னொருவர், கலிய நாயனார், இந்த ஊரிலேயே பிறந்த எண்ணெய் வணிகர். வறுமையில் எண்ணெய் வாங்க வழியில்லாமல் போனபோது தன் ரத்தத்தையே விளக்குக்கு ஊற்றத் துணிந்தவர். பட்டினத்தார் சமாதியும் திருவொற்றியூர்க் கடற்கரையோரம் இருக்கிறது.

தெருமுனை அம்மன் கோயில்களும் இதே கணக்கில் வருமா? அவற்றில் கோபுரமும் இல்லை, ஆகமமும் இல்லையே?

கட்டாயம் வரும். "நிஜக் கோயில்" என்று ஆகமக் கோயிலை மட்டும் சொல்கிறவர்கள் வடசென்னையில் இருந்து பார்த்ததில்லை என்றுதான் சொல்வேன். கொருக்குப்பேட்டையிலோ காசிமேட்டிலோ நூறடி நடந்தால் ஒரு நாகாத்தம்மன், எல்லையம்மன், கங்கையம்மன், கன்னியம்மன். பத்துக்குப் பத்து அடி இடம், சுவரில் டைல்ஸ், முன்னால் எவர்சில்வர் கிராதி, உபயதாரர் பெயர் எழுதின டியூப்லைட். பக்கத்தில் ஒரு வேப்பமரம், அதைச் சுற்றி மஞ்சள் துணி. முதலில் மரமோ கல்லோ புற்றோதான் இருந்திருக்கும், சுவரும் கூரையும் பிறகு வந்தவை.

இங்கே பூசாரியும் நம் தெருக்காரர், விழாக் குழுவும் நம் தெருப் பையன்கள். ஆடி வந்தால் காப்புக் கட்டி, கரகம் எடுத்து, கூழ் ஊற்றி, சில இடங்களில் தீமிதித்து முடிப்பார்கள். பம்பையும் உடுக்கையும் ஏறும்போது ஒரு அம்மாவுக்குச் சாமி வரும். காலையில் மீன் அங்காடியில் கூடை வைத்து உட்கார்ந்திருந்தவர் காலில் எல்லோரும் விழுந்து குறி கேட்பார்கள். ஆகமக் கோயிலில் மூலவரிடம் பேசக் குருக்கள் வேண்டும். இங்கே சாமியே பேசும், திட்டவும் செய்யும். ராயபுரம் அங்காளபரமேசுவரி கோயிலின் மயானக் கொள்ளை, மாசி மகா சிவராத்திரியை ஒட்டி நடப்பது, இதே மரபின் இன்னொரு முகம்.

ஆடியில் பெரியபாளையம் போவதையும் சொல்லவேண்டும். ஆரணி ஆற்றங்கரையில் இருக்கும் பவானியம்மனுக்கு வடசென்னையே குடும்பம் குடும்பமாக வேன் கட்டிப் போகும், நடந்தும் போகும். அங்கே உடம்பில் வேப்பிலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வலம் வருவதுதான் வேப்பஞ்சேலை.

கூழோடு கருவாட்டுக் குழம்பு கொடுக்கிறார்கள். கோயிலில் அசைவமா?

கேழ்வரகுக் கூழ், வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. கடலோர ஊரில் அம்மன் வேறு எதைச் சாப்பிடுவாள்? சைவ உணவு சிவன், பெருமாள் கோயில்களின் வழக்கம். கிராம தெய்வ வழிபாட்டில் சேவலும் கிடாவும் பழைய மரபு. உயிர்ப்பலியைத் தடுக்க 1950-ல் சட்டம் வந்தது. 2003-ல் அதைக் கறாராக அமலாக்கச் சொன்னார்கள், ஊர் ஊராக எதிர்ப்புக் கிளம்பியது, 2004-ல் சட்டத்தையே விலக்கிக்கொண்டார்கள். சாமி கும்பிடும் முறையில் யார் சொல்வது சட்டம் என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பாரிமுனைப் பக்கம் பார்க்க வேண்டிய கோயில்கள்?

தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள். விசுவகர்மா சமூகத்தார் நிர்வகிக்கும் கோயில். 1677 அக்டோபர் 3-ல் சத்ரபதி சிவாஜி வந்து வணங்கினார் என்று கோயிலில் சொல்வார்கள். ராசப்பச் செட்டித் தெருவில் கந்தகோட்டம். ஏழுகிணறு வீராசாமித் தெருவில் குடியிருந்த வள்ளலார் இளம்வயதில் இங்கே நின்று பாடியது தெய்வமணிமாலை. திருவொற்றியூர் வடிவுடையம்மன் மேல் பாடியது வடிவுடை மாணிக்கமாலை.

பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலித் தெருவில் சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீசுவரரும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். பட்டணம் கோயில் என்று பேர். இன்றைய உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் இருந்த பழைய கோயிலைக் கோட்டையின் பாதுகாப்பு என்று சொல்லி 1757-ல் கம்பெனிக்காரர்கள் இடித்தார்கள். மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று 1760களில் இங்கே திரும்பக் கட்டினார். புரட்டாசியில் திருப்பதிக் குடை புறப்படுவது இங்கிருந்துதான். யானைக்கவுனி தாண்டி, அயனாவரம், வில்லிவாக்கம், திருவள்ளூர் வழியாகத் திருமலைக்குப் போகும். குடை கவுனி தாண்டும் சாயங்காலம் சவுகார்பேட்டைப் பக்கம் வண்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

எல்லோரும் கோயிலுக்குள் போகலாமா?

சாதியைக் கேட்கிறீர்கள் என்றால், சட்டப்படி எல்லோரும் போகலாம். 1939 சூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட சமூகத்தவரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார். 1947-ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. முறையாகப் பயிற்சி பெற்ற எல்லாச் சாதியினரையும் அர்ச்சகராக நியமிக்கும் ஆணைகள் 2021 ஆகஸ்டில் கொடுக்கப்பட்டன. இவ்வளவுக்குப் பிறகும், "சாமி ஊர்வலம் எங்கள் தெருவுக்கு ஏன் திரும்புவதில்லை?" என்ற கேள்வி சில இடங்களில் கேட்கப்படுகிறது. அப்படிக் கேட்கிறவர்கள் பக்கம்தான் நியாயம்.

வேறு மதத்தவர் என்றால், பல கோயில்களில் கொடிமரம் வரை அனுமதி என்று பலகை இருக்கும். அம்மன் கோயிலில் யாரும் யாரையும் கேட்பதில்லை. கூழ் வரிசையில் ஒருகாலும் கேட்டதில்லை.

மாதவிடாய் நாட்களில் போகக்கூடாதா?

போகாமல் இருப்பது வழக்கம், வீட்டில் இறப்பு நடந்தால் சில நாள் போகாததைப் போல. வாசலில் யாரும் விசாரிப்பதில்லை. இன்றைய பெண்களில் பலர் இதைத் தாங்களே முடிவுசெய்துகொள்கிறார்கள், அதில் மற்றவர்கள் தலையிடத் தேவையில்லை.

வேண்டுதல் வைத்தால் பலிக்குமா?

பலித்தது என்று சொல்பவர்களைத்தான் கோயிலில் பார்ப்போம். பலிக்காதவர்கள் வேறு கோயிலுக்குப் போயிருப்பார்கள்! பொன்னேரிப் பக்கம் இருக்கும் சிறுவாபுரி முருகனுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை போனால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. செவ்வாய் விடியலில் வடசென்னையிலிருந்து கிளம்பும் கூட்டத்தைப் பார்த்தால் இந்த ஊரில் வாடகை எவ்வளவு என்று புரிந்துவிடும். அங்கே சின்னக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வீடு போலக் கட்டிவைத்துவிட்டு வருவார்கள்.

வீட்டில் எப்படிக் கும்பிடுவது?

விளக்கேற்றுங்கள். போதும். அலமாரியின் ஒரு தட்டே பூசை அறையாக இருக்கும் வீடுகள்தான் இங்கே அதிகம்.

கும்பாபிஷேகம் எதற்கு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை?

வழக்கமாகப் பன்னிரண்டு ஆண்டு. திருப்பணி நடக்கும் காலத்தில் சாமியின் ஆற்றலைச் சிறு உருவுக்கோ கலசத்துக்கோ மாற்றி வைப்பது பாலாலயம். பணி முடிந்ததும் யாகசாலை அமைத்து, புனித நீரைக் குடங்களில் சுமந்து கோபுரத்தில் ஏறிக் கலசங்கள் மேல் ஊற்றுவார்கள். கலசத்துக்குள் வரகு முதலிய தானியங்கள் இருக்கும், பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புவார்கள். கீழே நிற்பவர்கள் மேல் அந்த நீர் தெளிக்க இப்போதெல்லாம் குழாய் வைக்கிறார்கள், சில ஊர்களில் ட்ரோனும் வந்துவிட்டது.

பௌர்ணமியில் மூன்று அம்மன்களை ஒரே நாளில் பார்ப்பார்களாமே, முடியுமா?

முடியும். மேலூர் திருவுடையம்மன் இச்சா சக்தி, திருவொற்றியூர் வடிவுடையம்மன் ஞான சக்தி, வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் கிரியா சக்தி. காலை மேலூர், உச்சிக்குள் திருவொற்றியூர், மாலை திருமுல்லைவாயில் என்பது வரிசை. வெள்ளிக்கிழமைப் பௌர்ணமி என்றால் கூட்டம் இரட்டிப்பு.

காரை விட மின்சார ரயில் வசதி. கும்மிடிப்பூண்டி வண்டியில் மீஞ்சூர் இறங்கி ஆட்டோவில் மேலூர் போங்கள். திரும்பி அதே பாதையில் திருவொற்றியூர். அப்புறம் பேசின் பாலத்தில் இறங்கி ஆவடி வண்டிக்கு மாறினால் திருமுல்லைவாயில். பகலில் பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தி நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் மீஞ்சூருக்கு ஆறரை மணிக்கெல்லாம் போய்ச் சேருகிற மாதிரி கிளம்பினால்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும். செருப்பைக் கையோடு வைத்துக்கொள்ள ஒரு துணிப்பை எடுத்துப் போங்கள், பௌர்ணமியன்று செருப்பு ஸ்டாண்டில் நிற்கும் வரிசை சாமி வரிசையைவிட நீளம்.